கண்புரையும் விழிவெண்படலமும்: இரண்டையும் ஒரே அறுவை சிகிச்சையில் சரிசெய்யும்போது

கண்புரையை அகற்றிவிடலாம் என்று கண் மருத்துவரிடம் செல்லும் சிலரிடம், "உங்கள் விழிவெண்படலமும் பலவீனமாக இருக்கிறது. கண்புரையை மட்டும் எடுத்தால் போதாமல் போகலாம்" என்று சொல்லப்படுகிறது. கண்புரை அறுவை சிகிச்சையைப் பற்றி அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காலையில் போய் மதியம் வீடு திரும்பிய தாத்தாக்களும் பாட்டிகளும் ஒவ்வொரு புளோக்கிலும் இருக்கிறார்கள். விழிவெண்படல மாற்று அப்படிப்பட்டதன்று. வேறொருவரின் கண்ணிலிருந்து பெற்ற படலம் உங்கள் கண்ணில் பொருத்தப்படுகிறது. பார்வை தெளியக் கூடுதல் காலம் பிடிக்கும். கண்காணிப்பும் பல ஆண்டுகளுக்குத் தொடரும்.

இரண்டு சிகிச்சைகளையும் சேர்த்துச் செய்யும்போது எந்த அளவு பார்வையை எதிர்பார்க்கலாம், எது தவறிப்போகக்கூடும், அதைத் தடுக்க நீங்களும் குடும்பத்தாரும் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது. மருத்துவரிடம் பேசுமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். உங்களைக் கவனித்துக்கொள்ளப்போகும் மகனோ மகளோ மருமகளோ உடன் இருந்து படித்தால் இன்னும் நல்லது.

மங்குவது எது?

ஒளி கண்ணுக்குள் செல்லும் வழியில் இரண்டு தெளிவான பகுதிகள் உள்ளன. கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடியைப் போலக் கண்ணின் முன்பக்கத்தை மூடியிருப்பது விழிவெண்படலம். சிலர் இதைக் கார்னியா என்றே சொல்வார்கள். பெயரில் ‘வெண்’ இருந்தாலும் ஆரோக்கியமான படலத்துக்கு நிறமே இல்லை. நாம் கண்ணாடியில் பார்க்கும் கருநிறம் அதற்குப் பின்னால் உள்ள கருவிழியுடையது. கருவிழிக்கும் பின்னால் இருப்பது வில்லை. வயதாக ஆக வில்லை மங்குவதைத்தான் கண்புரை என்கிறோம்.

விழிவெண்படலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் உட்பக்கத்தில் ஒரே ஓர் அடுக்காக உயிரணுக்கள் பரவியுள்ளன. படலத்துக்குள் கசியும் நீரை ஓயாமல் வெளியேற்றுவது இவற்றின் வேலை. நல்ல நிலையில் உள்ள பெரியவரின் கண்ணில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 உயிரணுக்கள் இருக்கும். இவை இறந்தால் புதியவை தோன்றி அந்த இடத்தை நிரப்புவதில்லை. பக்கத்தில் உள்ளவை விரிந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். எண்ணிக்கை 500-ஐ ஒட்டிக் குறையும்போது அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. படலத்தில் நீர் கோத்து, வீங்கி, மங்கிவிடுகிறது.

உயிரணுக்கள் இப்படிக் குறைய ஒரு முக்கியக் காரணம் ஃபுக்ஸ் நோய். இது பெரும்பாலும் 50 வயதுக்குமேல், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகத் தெரியவரும். குடும்பத்தில் தொடர்வதும் உண்டு. ஆசியர்களில், குறிப்பாகச் சிறிய கண் அமைப்பு உள்ள மூத்தோரில், கண் அழுத்தம் திடீரென ஏறும் தாக்குதலும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. சிலருக்குச் சைட்டோமெகலோ போன்ற கிருமிகள் காரணமாகின்றன. அப்படியானால் முதலில் கிருமிக்குச் சிகிச்சை தர வேண்டும். இல்லையென்றால் புதிய படலத்தையும் அது தாக்கலாம்.

காலை நேரப் பார்வையைக் கவனியுங்கள்

மருத்துவர் உங்களிடம், "காலையில் எழுந்தவுடன் பார்வை எப்படி? மதியத்துக்குமேல் எப்படி?" என்று கேட்கலாம். இது பேச்சுக்காகக் கேட்கும் கேள்வியன்று. இமைகள் மூடியிருக்கும் இரவில் விழிவெண்படலத்தின் ஈரம் ஆவியாவதில்லை. உட்பக்க உயிரணுக்கள் பலவீனமாக உள்ளவருக்கு விடியும்போது படலம் வீங்கியிருக்கும். எழுந்தவுடன் எல்லாம் பனிமூட்டம் போலத் தெரியும். கண் திறந்திருக்கும் நேரம் கூடக்கூட ஈரம் ஆவியாகி, பசியாறி முடித்துச் சற்று நேரத்திலோ மதியத்திலோ பார்வை தெளியும்.

கண்புரையில் இந்த ஏற்ற இறக்கம் இராது. காலையும் மாலையும் ஒரே மங்கல்தான். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும், நிறங்கள் மஞ்சளடித்தது போலத் தெரியும். இரண்டு பிரச்சினைகளும் உள்ளவருக்கு இரண்டு வகை அறிகுறிகளும் கலந்து வரும். ஆகவே மருத்துவரைப் பார்ப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே, காலையில் தெளிவதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். மருத்துவமனையில் உயிரணுக்களை எண்ணும் படமும் படலத்தின் தடிமனை அளக்கும் பரிசோதனையும் எடுக்கப்படும். உங்கள் குறிப்பு அந்த எண்களுடன் சேர்த்துப் பார்க்கப்படும்.

ஒன்றாகவா, தனித்தனியாகவா?

மூன்று வழிகள் உள்ளன. கண்புரையை மட்டும் எடுப்பது முதல் வழி. காலை மங்கல் இல்லாமல், படலம் வீங்காமல் இருந்தால் மருத்துவர் இதையே பரிந்துரைக்கலாம். கண்புரை அறுவை சிகிச்சையில் பயன்படும் ஒலியலைக் கருவியால் உட்பக்க உயிரணுக்களில் சில இறக்கும். ஆரோக்கியமான கண்ணுக்கு இந்த இழப்பு பொருட்டன்று. ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த கண்ணுக்கு இதுவே தாங்க முடியாததாகிவிடலாம். அப்படி ஆனால் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ விழிவெண்படல மாற்று தேவைப்படும். அந்தச் சாத்தியத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு சம்மதிப்பது நல்லது. கண்புரை எடுத்தும் பார்வை வரவில்லையே என்று பின்னர் மனம் நோக வேண்டியிராது.

படலத்தை மட்டும் மாற்றி, வில்லையை விட்டுவைப்பது இரண்டாவது வழி. இளையரிடத்தில் இது பொருந்தும். 50 வயதைத் தாண்டியவருக்கோ, மாற்று அறுவையும் அதன்பின் விடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கண்புரையை விரைவாக வளர்த்துவிடுகின்றன. பலர் சில ஆண்டுகளுக்குள் கண்புரைக்காக மீண்டும் அறுவைக்கூடத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. அப்போது புதிய படலத்தின் உயிரணுக்களிலும் ஒரு பங்கு அழியும். கொடையாகக் கிடைத்த உயிரணுக்கள் அப்படிக் குறைவது கவலைக்குரியது.

மூன்றாவது வழி, இரண்டையும் ஒரே அமர்வில் செய்வது. மங்கிய வில்லையை எடுத்து, செயற்கை வில்லை பொருத்தி, விழிவெண்படலத்தையும் மாற்றுவார்கள். மூன்று வேலைகள் என்பதால் மருத்துவர்கள் இதை ‘முக்கூட்டு’ அறுவை என்று குறிப்பிடுவதுண்டு. உட்பக்க அடுக்கை மட்டும் மாற்றும் முறைகளில், சேர்த்துச் செய்தவர்களையும் தனித்தனியாகச் செய்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகின்றன: இறுதியில் கிடைக்கும் பார்வையும் எஞ்சும் உயிரணுக்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமம். ஒட்டிய படலம் விலகும் வாய்ப்பு சேர்த்துச் செய்யும்போது சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. வேறுபாடு இல்லை என்று வேறு சில கூறுகின்றன.

ஒருமுறை மட்டுமே அறுவை, ஒருமுறை மட்டுமே ஓய்வு, துணைக்கு வருபவருக்கும் ஒருமுறை மட்டுமே விடுப்பு என்பது சேர்த்துச் செய்வதன் நன்மை. செயற்கை வில்லையின் பவரைத் துல்லியமாகக் கணிப்பது கடினம் என்பது அதன் விலை. அதைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

பலனைத் தீர்மானிப்பது மாற்றின் வகை

"விழிவெண்படல மாற்று" என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட அறுவை சிகிச்சைகள் அடங்கியுள்ளன. நண்பர் ஒருவருக்கு ஓராண்டு பிடித்தது, இன்னொருவருக்கு ஒரு மாதத்தில் பார்வை வந்தது என்று கேள்விப்பட்டுக் குழம்புவதற்கு இதுவே காரணம். உங்களுக்குச் செய்யப்போவது எந்த வகை என்பதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மிகப் பழையது முழுத்தடிமன் மாற்று. மனிதரிடம் முதன்முதலாக வெற்றி பெற்றது 1905-இல். படலத்தின் நடுப்பகுதியை முழுமையாக வட்டமாக வெட்டியெடுத்து, கொடையாளரின் படலத்தை மிக நுண்ணிய தையல்களால் பொருத்துவார்கள். படலம் முழுவதும் தழும்பேறியிருந்தால் இதுவே இன்றும் தேவைப்படலாம். இதனுடன் கண்புரையையும் எடுக்கும்போது, கண்ணின் முன்பகுதி சற்று நேரம் முற்றிலும் திறந்திருக்கும். அந்த வேளையில் கண்ணுக்குள் இரத்தக் கசிவு ஏற்படுவது அரிது என்றாலும் மிகவும் ஆபத்தானது. தையல்கள் ஓராண்டோ அதற்கு மேலோ இருக்கும். அவை இழுக்கும் விதத்தைப் பொறுத்துப் படலத்தின் வளைவு மாறி, சிதறல் பார்வை ஏற்படும். எனவே இந்த வகையில் பல மருத்துவர்கள் முதலில் படலத்தை மாற்றி, தையல்களை எல்லாம் எடுத்து, வளைவு நிலைத்த பிறகே கண்புரையை எடுக்க விரும்புகிறார்கள். காத்திருக்கச் சொல்வது தாமதம் அன்று. வில்லையின் பவரைச் சரியாகக் கணிக்கவே அப்படிச் செய்கிறார்கள்.

உட்பக்க அடுக்கு மட்டும் பழுதானவர்களுக்கு அந்த அடுக்கை மட்டும் மாற்றினால் போதும். இதில் இரண்டு முறைகள் உள்ளன. ‘டீசேக்’ முறையில் உட்பக்க உயிரணுக்களோடு படலத்தின் ஒரு மெல்லிய சீவலும் சேர்த்துப் பொருத்தப்படும். ‘டீமெக்’ முறையில் உயிரணுக்களும் அவை ஒட்டியிருக்கும் சவ்வும் மட்டுமே. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அது தானாகவே சுருண்டுகொள்ளும் என்பதால், கண்ணுக்குள் அதை விரித்து ஒட்டவைப்பதற்குத் தனித் திறன் வேண்டும். டீமெக் முறை 2006-இல் நெதர்லாந்திலிருந்து அறிமுகமானது. ஆசியர்களின் கண்களில் முன்னறை ஆழம் குறைவு. கருவிழிக்கும் படலத்துக்கும் இடையே உள்ள அந்தக் குறுகிய இடத்தில் கொடைப் படலம் கசங்காமல் உள்ளே செல்ல, சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்தின் மருத்துவர்கள் ‘எண்டோகிளைடு’ என்னும் கருவியை உருவாக்கினார்கள். இன்று அது வெளிநாடுகளிலும் பயன்படுகிறது.

இரண்டு முறைகளிலும் காயம் சிறியது, தையல் சிலவே. கண்புரையை வழக்கமான முறையில் எடுத்துவிட்டு அதே சிறு துளை வழியாகப் படலத்தை மாற்ற முடிகிறது. இணைந்த அறுவை சிகிச்சை இன்று அதிகமாகச் செய்யப்படுவது இதனால்தான். விழித்திரை ஆரோக்கியமாக இருந்தால், டீமெக் செய்துகொண்டவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாதங்களில் பார்வை நன்கு தெளிவதை எதிர்பார்க்கலாம். டீசேக் முறையில் மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். முழுத்தடிமன் மாற்றில் ஓராண்டுக்குமேல் பொறுத்திருக்க வேண்டும்.

உடலின் தற்காப்புச் சக்தி புதிய படலத்தை எதிர்க்கும் வாய்ப்பும் இதே வரிசையில்தான் மாறுகிறது. 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் அத்தகைய எதிர்ப்பு ஏற்படும் சாத்தியம் டீமெக் முறையில் 1 விழுக்காடாகவும், டீசேக் போன்ற முறையில் 12 விழுக்காடாகவும், முழுத்தடிமன் மாற்றில் 18 விழுக்காடாகவும் இருந்தது. அப்படியானால் எல்லாருக்கும் டீமெக் செய்யலாமே என்று தோன்றும். கண் அழுத்த நோய்க்காகக் குழாய் பொருத்தியவர்கள், கருவிழி சிதைந்தவர்கள், படலம் மிகவும் மங்கி உள்ளே பார்க்கவே முடியாதவர்கள் ஆகியோருக்கு டீசேக் பாதுகாப்பானதாக இருக்கலாம்.

கண்ணாடி தேவைப்படுமா?

தேவைப்படும் என்று நினைத்துக்கொண்டு செல்வதே நல்லது. சாதாரணக் கண்புரை அறுவையில் செயற்கை வில்லையின் பவர் மிகத் துல்லியமாகக் கணிக்கப்படுகிறது. வீங்கிய விழிவெண்படலத்தை அளக்கும்போது அந்த அளவே நம்பகமாக இருப்பதில்லை. மேலும் உட்பக்க அடுக்கை மாற்றிய பிறகு கண்ணின் பவர் தூரப்பார்வைப் பக்கம் நகரும். டீமெக் முறையில் இந்த நகர்வு சராசரியாக அரை டயாப்டர்; டீசேக் முறையில் ஒரு டயாப்டரை ஒட்டி. கண்ணாடிக் கடைகளில் சொல்லும் கணக்கில், சுமார் 50 ‘டிகிரி’யும் 100 ‘டிகிரி’யும். இதை எதிர்பார்த்து மருத்துவர் சற்றுக் கிட்டப்பார்வை வரும்படி வில்லையைத் தேர்ந்தெடுப்பார். ஆயினும் ஒவ்வொருவர் கண்ணும் ஒரே அளவு நகர்வதில்லை. பவர் நிலைக்கும் வரை, அதாவது குறைந்தது மூன்று மாதம், விலை உயர்ந்த கண்ணாடி செய்துகொள்ளாதீர்கள்.

தூரத்தையும் அருகையும் ஒருங்கே காட்டும் பல்குவிய வில்லையைச் சிலர் விரும்பிக் கேட்கிறார்கள். விழிவெண்படலம் பழுதான கண்ணுக்கு அது பொதுவாக ஏற்றதன்று; மங்கலும் கூச்சமும் கூடும். வில்லையின் பொருளும் முக்கியம். நீரை ஈர்க்கும் வகை அக்ரிலிக் வில்லைகளில், கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்திய பிறகு சுண்ணாம்புப் படிவம் ஏற்பட்டு அவை மங்கியதுண்டு. எனவே நீரை ஈர்க்காத வகையே பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. உங்களுக்கு ஃபுக்ஸ் நோய் இருந்து, இப்போதைக்குக் கண்புரையை மட்டும் எடுப்பதாக இருந்தாலும், பின்னாளில் மாற்று தேவைப்படலாம் என்பதை நினைவில் வைத்து வில்லையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் இந்தியச் சமூகத்தில் இந்நோய் பரவலாக இருப்பதால் இதை இங்கே தனியாகச் சொல்கிறோம். முன்னால் உள்ள இரண்டு பகுதிகளையும் மாற்றித் தெளிவாக்கினாலும், பின்னால் உள்ள விழித்திரை நீரிழிவால் பாதிக்கப்பட்டிருந்தால் பார்வை ஓரளவுக்குமேல் உயராது. மங்கிய படலத்தின் வழியே விழித்திரையைச் சரியாகப் பார்க்க முடியாததால், அறுவைக்குப் பிறகுதான் முழு நிலவரம் தெரியவரலாம். கண் அழுத்த நோயால் நரம்பு பழுதானவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் இரவும் முதல் வாரமும்

டீமெக், டீசேக் முறைகளில் புதிய படலம் தைக்கப்படுவதில்லை. கண்ணுக்குள் செலுத்தப்படும் காற்றுக்குமிழியோ வாயுக்குமிழியோ அதைக் கீழிருந்து மேல்நோக்கி அழுத்தி ஒட்டவைக்கிறது. குமிழி எப்போதும் மேலே மிதக்கும் என்பதால், நீங்கள் முகத்தை நேரே மேல்நோக்கி வைத்து மல்லாந்து படுத்தால்தான் அது படலத்தைத் தாங்கும். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். சாப்பிடவும் கழிவறைக்குச் செல்லவும் எழுந்திருக்கலாம். முதுகுவலி, மூச்சுத்திணறல், இரவில் அடிக்கடி எழ வேண்டிய நிலை ஆகியவை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, "படுக்க முடியவில்லை" என்று கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதால் படலம் விலகக்கூடும்.

அப்படி விலகினால் எல்லாம் போய்விட்டது என்று பொருளன்று. டீமெக் முறையில் இது அவ்வப்போது நிகழ்வதே. மீண்டும் ஒருமுறை காற்றைச் செலுத்தி ஒட்டவைப்பார்கள். பெரும்பாலோருக்கு அது போதுமானது. சிலருக்கு மட்டும் படலத்தையே மீண்டும் மாற்ற நேரிடும்.

முதல் இரவில் கண்ணில் கடும் வலியும் அதே பக்கத் தலைவலியும் வாந்தியும் வந்தால், காலை வரை காத்திருக்காதீர்கள். குமிழி கண்ணுக்குள் நீரோட்டத்தை அடைத்து, அழுத்தம் ஏறியிருக்கலாம். சில மணி நேரம் தாமதித்தாலும் கண் நரம்பு கெட்டுவிடும். மருத்துவமனை கொடுத்த எண்ணுக்கு உடனே தொலைபேசியில் அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

குமிழி முழுவதும் கரையும் வரை விமானத்தில் பறக்கக்கூடாது. உயரம் செல்லச் செல்ல வாயு விரிவடையும். விமானம் மட்டுமன்று, பேருந்தில் கெந்திங் மலைக்கோ கேமரன் மலைக்கோ போவதும் அப்படித்தான். எம்ஆர்டியில் செல்லலாம். வேறு அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தலைக்குக் குளிப்பது, நீச்சல், கனமான பொருள் தூக்குவது, குனிந்து வீடு துடைப்பது ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகையில் சிரம் தாழ்த்துவதையும் கோவிலில் விழுந்து வணங்குவதையும் பலர் கேட்கத் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேளுங்கள், உட்கார்ந்தபடி வழிபடலாம் என்று தாதியரே சொல்வார்கள். நெற்றியில் இடும் திருநீறும் குங்குமமும் கண்ணுக்குள் உதிர்வதால், காயம் ஆறும் வரை தவிர்த்துவிடுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், தேன் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

இந்தக் கையேட்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் அது இதுவாக இருக்கட்டும். கண்புரைக்கு மட்டும் அறுவை செய்தவர் ஒரு மாதத்தில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுவார். உங்களுக்கு அப்படி இல்லை. உங்கள் கண்ணில் இருப்பது இன்னொருவரின் திசு. அதை அந்நியமாகக் கருதி உடல் தாக்காமல் தடுப்பது அந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து. முதலில் ஒரு நாளைக்குப் பலமுறை, பிறகு படிப்படியாகக் குறைத்து, ஓராண்டோ அதற்கு மேலோ விட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சொட்டு என்று வாழ்நாள் முழுதும் தொடருமாறு பலரிடம் சொல்லப்படுகிறது.

ஆபத்து வருவது பார்வை நன்றாக வந்த பிறகுதான். தெளிவாகத் தெரிகிறது, வலியும் இல்லை, பிறகு ஏன் மருந்து என்று தோன்றும். ஊருக்குப் போகும்போது குப்பி வீட்டிலேயே நின்றுவிடும். மருந்து தீர்ந்த பிறகு அடுத்த சந்திப்பு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். எதிர்ப்பு தொடங்கினால் உட்பக்க உயிரணுக்கள் அழியும். அழிந்தவை திரும்பி வருவதில்லை. தொடக்கத்திலேயே வந்தால் மருந்தைக் கூட்டிப் பல கண்களைக் காப்பாற்ற முடிகிறது. ஒரு வாரம் கழித்து வந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

கண் சிவத்தல், வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்குதல், வலி ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று வந்து ஒரு நாளுக்குமேல் நீடித்தால் உடனே கண் மருத்துவமனையை அழையுங்கள். நான்கும் சேர்ந்து வர வேண்டும் என்பதில்லை. டீமெக் செய்தவர்களுக்கு எந்த அறிகுறியும் இல்லாமலேயே எதிர்ப்பு தொடங்குவதும் உண்டு. அதனால்தான் நன்றாகத் தெரிந்தாலும் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம். கண் பளிச்சென்று தெரிகிறதா என்று நாளும் சோதிக்க எளிய வழி: மற்றக் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் எப்போதும் ஒரே இடத்தில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரிகிறதா என்று கவனியுங்கள்.

இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்தும், அதை நீங்கள் உணரமாட்டீர்கள். ஆகவே கண்காணிப்பு இல்லாமல் வெளியே வாங்கிவந்து விடுவதும் ஆபத்து, அழுத்தம் ஏறும் என்று பயந்து நீங்களே நிறுத்துவதும் ஆபத்து. அழுத்தம் ஏறினால் மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

புதிய படலம் எவ்வளவு காலம் நீடிக்கும்?

பொருத்திய முதல் ஆறு மாதங்களில் கொடைப் படலத்தின் உயிரணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவது இயல்பே. பிறகு குறையும் வேகம் தணிகிறது. கொடையாளரின் வயதைப் பற்றிச் சில குடும்பங்கள் கவலைப்படுகின்றன. அமெரிக்காவில் 1,090 நோயாளிகளை 10 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. முழுத்தடிமன் மாற்று பற்றியது அது. 12 முதல் 65 வயதுவரையிலான கொடையாளர்களின் படலங்களில் 77 விழுக்காடும், 66 முதல் 75 வயதுவரையிலானோரின் படலங்களில் 71 விழுக்காடும் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் தெளிவாக இருந்தன. வயதைவிட உயிரணுக்களின் எண்ணிக்கையும் நிலையும்தான் முக்கியம். அவற்றைக் கண் வங்கி எண்ணிப் பார்த்த பிறகே படலம் அறுவைக்கூடத்துக்கு வருகிறது. படலம் பழுதானால் மீண்டும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் வெற்றி வாய்ப்பு சற்றுக் குறையும்.

இந்தப் படலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1964-இல் இலங்கையின் கண் தானச் சங்கம் வெளிநாட்டுக்கு முதன்முதலாக அனுப்பிய கண்கள் சிங்கப்பூருக்குத்தான் வந்தன. 1991-இல் சிங்கப்பூர்க் கண் வங்கி தொடங்கப்பட்டது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987-இல் சிறுநீரகத்துக்காக மட்டும் இயற்றப்பட்டு, 2004-இல் விழிவெண்படலம், கல்லீரல், இதயம் ஆகியவற்றுக்கும் விரிவாக்கப்பட்டது. 2008 முதல் முஸ்லிம்களும் அதில் அடங்குவர். 21 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும், விலகிக்கொள்வதாகத் தெரிவிக்காதவரை, இச்சட்டத்தின்கீழ் வருகிறார்கள். உங்களுக்குப் படலம் தந்தவரின் பெயர் உங்களுக்குத் தெரிவிக்கப்படாது.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது

நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடும் ஆண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; அது கருவிழியைத் தளரச் செய்து அறுவையைக் கடினமாக்கும். முன்பு நிறுத்திவிட்டிருந்தாலும் சொல்லுங்கள்.

எந்த வகை மாற்று, ஏன் சேர்த்துச் செய்கிறீர்கள் அல்லது பிரித்துச் செய்கிறீர்கள், என் விழித்திரையின் நிலை என்ன, எத்தனை நாள் மல்லாந்து படுக்க வேண்டும் என்று கேளுங்கள். செலவைப் பற்றியும் கேளுங்கள். படலத்தைப் பெற்றுத் தயாரிக்கும் கட்டணம் அறுவைக் கட்டணத்திலிருந்து தனியாகக் காட்டப்படலாம். மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று நிதி ஆலோசகர் கணக்கிட்டுத் தருவார். அதற்குப் பிறகும் சிரமம் இருந்தால் மருத்துவச் சமூக சேவையாளரைச் சந்திக்கக் கேட்கலாம்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலையிலும், அதன்பின் முதல் வாரத்திலும் பரிசோதனை உண்டு. ஒரு கண் மூடியிருக்கும் நிலையில் தனியாக வர முடியாது என்பதால், துணைக்கு வருபவர் அந்த நாட்களுக்கும் சேர்த்து விடுப்பு எடுத்துக்கொள்ளட்டும்.